உன் முறையில் நான் செய்த வேலை

என் செண்பாவுக்கு,

ஆபீசில் என் பக்கத்து நாற்காலி வெறுமையாக இருக்கிறது என்று எழுதி ஆரம்பித்தால் நீ உதட்டைப் பிதுக்குவாய். அதனால் உள்ளதையே சொல்கிறேன். அந்த இடத்தில் ஒரு பிரிண்டரை வைத்துவிட்டார்கள். அது பேப்பரை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறது, நான் அதைத் திட்டுகிறேன். உன்னைத் திட்டிப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். உன் திருத்தத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிற அந்த மென்பொருளில், எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. என் பெயரைப் போடத்தான் பார்த்தார்கள். விடுவேனா? அந்தச் சண்டையை முழுதாகச் சொல்கிறேன், கேள்.

இதை நம் வேலை இன்னதென்றே தெரியாதவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே நான் நடுநடுவே சொன்னால் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நாம் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் நான், தம்பி சேவியரைக் கட்டியவள் நீ. திண்டிவனத்தில் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே மாமியார். காலையில் ஒரே பாசஞ்சர் ரயிலைப் பிடித்து விழுப்புரம் போய் ஒரே ஆபீசில் உட்காருவோம். நீ புரோகிராம் எழுதுவாய். நான் டெஸ்டர், நீ எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பேன். சம்பளமும் கொடுத்து ஓரகத்தியைக் குறை சொல்லவும் சொல்கிறார்கள். இந்தக் கொடுப்பினை வேறு எவளுக்குக் கிடைக்கும்?

தொண்ணூற்று மூன்றில் நான் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் கிளாசில் சேர்ந்த கதையை உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஏசி அறை, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கீபோர்டைத் தொடுவதற்கே முறை வர வேண்டும். பிராசசருக்குள்ளேயே எண்ணும் கவுன்ட்டர் வைத்த சிப்பு ஒன்று அதே வருஷம்தான் வெளியே வந்ததாம். "அக்கா, நீங்க செருப்ப கழட்டிக்கினு நின்ன வருஷம்தான் அது எண்ண ஆரம்பிச்சிச்சு" என்று ரயிலில் நீ கேலி செய்தாய். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் செருப்பைக் குனிந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

பிராசசர் எத்தனை கட்டளைகளை முடித்தது, எத்தனை தடவை மெமரிக்காகக் காத்து நின்றது என்று அதற்குள்ளேயே எண்ணிக்கொண்டிருக்கும் சின்னப் பகுதிகள் அந்தக் கவுன்ட்டர்கள். ஒரு புரோகிராம் ஏன் இழுக்கிறது என்று பார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நாம் வேலை செய்ததோ ஹைப்பர்வைசரில். ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுகிற மாதிரி நடத்திவைக்கிற மென்பொருள் அது. உள்ளே ஓடுகிற ஒவ்வொன்றையும் கெஸ்ட் என்போம். ஒவ்வொரு கெஸ்ட்டும் மெஷின் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு தன் கவுன்ட்டரைக் கேட்கும். பிராசசருக்குள் இருக்கிற கவுன்ட்டரோ எல்லாருக்கும் பொதுவானது. ஆளாளுக்குத் தனியாக இருப்பது போல ஹைப்பர்வைசர் நடத்திக் காட்ட வேண்டும், எண்ணும் சரியாக இருக்க வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவள் நீ.

எனக்கு அதைப் புரியவைக்க நீ மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தைத்தான் எடுத்தாய். கோயிலுக்குப் போகிற வழியில் உன் அப்பாவின் பூக்கடை. அன்றைக்குக் கடை முன்னால் நகர்கிற கூட்டத்தையெல்லாம் எண்ணினால் அது உன் அப்பாவுக்கு வந்த கூட்டம் ஆகுமா? நின்று பூ வாங்கினவர்களைத்தானே எண்ண வேண்டும்? அதேபோல ஒரு கெஸ்ட்டுக்கு முறை வந்ததும் அதனுடைய எண்ணை எடுத்து வைத்து எண்ண ஆரம்பிக்க வேண்டும், முறை முடிந்ததும் நிறுத்திப் பத்திரப்படுத்த வேண்டும். பக்கத்துக் கெஸ்ட் செய்ததோ, ஹைப்பர்வைசர் தன் காரியத்துக்காகச் செய்ததோ ஒரு துளிகூட அதில் கலக்கக் கூடாது.

அந்தத் துளி விஷயத்தில் நீ எவ்வளவு பிடிவாதக்காரி! கெஸ்ட்டுக்குச் சரியாக எண்ணித் தர முடியாத சில வகைகளை, எண்ண முடியும் என்று அதற்குக் காட்டுகிற பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டாயே. நம் மேனேஜர் தினகர் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். கஸ்டமர் எல்லாமே கேட்கிறார், தோராயமாக ஏதாவது ஒரு எண்ணைக் கொடுத்துத் தொலையேன் என்று கெஞ்சினார். நீ அசையவில்லை.

"தப்பான நம்பர் குடுக்கறதுக்கு பதிலா இல்லன்னே சொல்லிடலாம் சார். இல்லன்னா வேற வழி பாப்பாங்க. தப்பா குடுத்தா அதையே நம்பிக்கினு இருப்பாங்க."

கடைசியில் கஸ்டமர் நீ சொன்னதே சரி என்று எழுதியனுப்பினார். அன்றைக்கு நீ ரயிலில் விக்கிரவாண்டியில் விற்க வந்த அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கி எனக்கும் கொடுத்துவிட்டு, ஜெயித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தோலை உரித்துக்கொண்டிருந்தாய். நானாக இருந்தால் திண்டிவனம் வரைக்கும் பெட்டி முழுக்கச் சொல்லியிருப்பேன்.

அப்பேர்ப்பட்ட உன் வேலையிலும் நான் ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், மறைக்கப் போவதில்லை. ஒரே குட்டிப் புரோகிராமை நிஜ மெஷினில் ஒரு தடவை, உன் கெஸ்ட்டுக்குள் ஒரு தடவை ஓட்டினேன். கெஸ்ட்டில் எண்ணிக்கை குறைந்தது. கூடியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், ஹைப்பர்வைசரின் வேலை எங்கோ கசிந்து உள்ளே வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். குறைந்தால்? செய்த வேலை எங்கே போகும்? பக், அதாவது பிழை, என்று பதிந்து உனக்கே அனுப்பிவைத்தேன்.

சாயங்கால ரயிலில் முண்டியம்பாக்கம் தாண்டியும் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். கோபமா என்று கேட்டேன். "டெஸ்ட்ட திரும்ப ஓட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டாய். ஓட்டாமல் உன்னிடம் வருவேனா? அந்த வாரம் முழுக்க நீ சரியாகச் சாப்பிடவே இல்லை. சேவியர் என்னிடம் வந்து, "அண்ணி, ஆபீஸ்ல இன்னா பேஜாரு? அவ தூக்கத்துலயும் எண்ணிக்கினு இருக்கறா" என்றான்.

பதில் நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீ என்று நமக்குச் சமையல் முறை. அந்த வாரம் உன் முறை. நீ கம்ப்யூட்டரே கதி என்று உட்கார்ந்திருந்ததால் ஞாயிற்றுக்கிழமை குழம்பை நான் வைத்தேன், உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அத்தை ஒரு வாய் வைத்ததும் உன்னைத்தான் பிடித்தார்.

"இன்னாம்மா செண்பா, இப்டி உப்ப கொட்டி வெச்சிருக்க?"

குழம்பு வைத்தது நான்தான் என்று உடனே சொன்னேன். அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரு கை வெச்சா இன்னா, முறை அவளுதுதான? நல்லா இருந்தா அவளுக்குத்தான் பேரு. நல்லா இல்லன்னாலும் அவளுக்குத்தான்."

நம் வீட்டுச் சட்டமே அதுதானே. உன் முறையில் நான் சமைத்தால் உன் முறை கழிந்தது, மறுநாள் நீ அதையே திரும்பச் சமைக்கப் போவதில்லை. நீ சோற்றில் கை வைத்தபடி அத்தையையே பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, கெடச்சிச்சு" என்றாய். உப்புக் குழம்பை ஊற்றிப் பிசைந்து முழுதாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாய்.

கெஸ்ட்டின் சில கட்டளைகளைப் பிராசசர் நேராகச் செய்ய விடாது. அங்கே ஹைப்பர்வைசர் கெஸ்ட்டை நிறுத்தி, அந்த ஒரு கட்டளையைத் தானே அதற்குப் பதிலாகச் செய்துவிட்டு, அடுத்ததிலிருந்து தொடரச் சொல்லும். கெஸ்ட் நின்றதுமே நீ கவுன்ட்டரை நிறுத்திவிட்டாய். ஹைப்பர்வைசரின் வேலை கலந்துவிடக் கூடாது என்ற உன் கவனம் அப்படி. அதனால் கெஸ்ட்டுக்காகச் செய்த அந்த ஒன்றும் யார் கணக்கிலும் ஏறாமல் போயிற்று. அடுத்தவர் வேலையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிற ஆட்கள் நிறைந்த உலகத்தில், ரொம்ப நாணயமாக இருந்ததால் தவறு செய்தவள் நீ ஒருத்திதான். டெஸ்டராக எத்தனையோ பேர் எழுதியதைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு பக்கை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

திருத்தத்தை எழுத ஆரம்பித்தாய். கட்டளையை ஹைப்பர்வைசர் செய்து முடித்ததும் கெஸ்ட்டின் கவுன்ட்டரில் ஒன்று கூட்டு, பாதியில் தோற்றுப்போனால் கூட்டாதே. கேட்பதற்குச் சுலபம். அது முடிவதற்குள் உனக்கு உடம்புக்கு வந்துவிட்டது. முதலில் சாதாரணக் களைப்பு என்றோம், பிறகு ரத்தத்தில் ஏதோ என்றார்கள், பிறகு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியே வீடாகிவிட்டது. காலையில் அந்த ஸ்டேஷனில் இறங்கி உன்னைப் பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்து ஆபீஸ் போவேன்.

ஒருநாள் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தேன். நீ என் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னாய்: "அக்கா, கவுன்ட்டர் நெறம்பற எடத்த மட்டும் நான் எழுதல. நீங்க பாத்துடுங்க."

உன் வேலையை என் தலையில் கட்டாதே, ஜல்தி எழுந்து வந்து நீயே எழுது என்று சீறினேன். நீ சிரித்தாய். நீ என்னிடம் எதையாவது செய்யச் சொல்லிக் கேட்டது அதுதான் கடைசி.

நீ போன பிறகு ரயில் முண்டியம்பாக்கத்தில் நிற்கிறபோது கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது மூடுவதில்லை. இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன், கையில் ஃபிளாஸ்க்கோடு போகிறவர்கள் யாரென்று தெரிகிறது.

நிரம்புகிற இடத்தை நான் எழுதினேன், செண்பா. சுலபமாக இல்லை. இத்தனை எண்ணியதும் எனக்கு மணி அடி என்று கெஸ்ட் கவுன்ட்டரிடம் சொல்லிவைக்க முடியும். சாதாரணமாக மணியைப் பிராசசர் பார்த்துக்கொள்ளும். ஆனால் நாம் கையால் கூட்டுகிற அந்த ஒன்றிலேயே கவுன்ட்டர் நிரம்பிவிட்டால் அடிக்க யாரும் இல்லை, ஹைப்பர்வைசர்தான் அடிக்க வேண்டும். அடுத்தவர் எழுதியதைக் குறை சொல்லியே காலம் தள்ளியவள் நான். நான் எழுதியதை நானே டெஸ்ட் செய்து, நானே பக் பதிந்து, என்னையே திட்டிக்கொண்டேன். நீ எழுதிய பாணியிலேயே எழுதினேன், பெயர் வைப்பதில்கூட. கடைசியில் நிஜ மெஷினிலும் கெஸ்ட்டிலும் ஒரே எண் வந்தது. திரையைப் பார்த்து, "வந்துடுச்சிடி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஆபீசில் எல்லாரும் திரும்பினார்கள். திரும்பட்டுமே!

திருத்தத்தை அந்தத் திறந்த மென்பொருளை நடத்துகிறவர்களுக்கு அனுப்புகிற நாள் வந்தபோதுதான் சண்டை. தினகர் சார் எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அவரையும் தப்பு சொல்ல முடியாது. முடித்தவள் நான், வெளியிலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்லப் போகிறவளும் நான். இல்லாதவர் பெயரில் எப்படி அனுப்புவது என்று தன்மையாகத்தான் கேட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர், செண்பா மேடத்துக்குக் கடைசியில் ஒரு நன்றி போட்டுவிடலாம் என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. உன் வேலைக்கு உனக்கே நன்றியா? அத்தை ஆபீசில் இருந்திருந்தால் அங்கேயே பஞ்சாயத்தை முடித்திருப்பார். அவருக்குப் பதில் நான் பேசினேன்.

"சார், இந்த திருத்தம் இன்னா சொல்லுது? கெஸ்ட்டால செய்ய முடியாத வேலைய அதுக்காக வேற ஒருத்தர் செஞ்சா, கெஸ்ட் கணக்குல ஏத்துன்னு சொல்லுது. அத எழுதினவளுக்கு மட்டும் அந்த நியாயம் கெடையாதா?"

தினகர் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் அவரே என் இடத்துக்கு வந்தார். எழுதியவர் வேறு, அனுப்புகிறவர் வேறு என்று போடுவதற்கு அங்கே ஏற்கெனவே வழி இருக்கிறதாம், கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். எழுதியவர் செண்பகவல்லி. கீழே, அனுப்புகிறவர், பொறுப்பேற்பவர் லூர்து மேரி. உன் ஆபீஸ் மெயில் முகவரியை மூடாமல், அதற்கு வருவதெல்லாம் எனக்கு வருகிற மாதிரியும் செய்து கொடுத்தார். நல்ல மனுஷன், நாம்தான் அவரை ரயிலில் அதிகமாகக் கேலி செய்துவிட்டோம்.

வெளியே இருந்த ஆட்கள் லேசில் விடவில்லை. ஏன் இப்படி, அந்த இடத்தில் தோற்றால் என்ன ஆகும், மணி இரண்டு தடவை அடித்துவிடாதா என்று ஆளுக்கொரு கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன், இரண்டு தடவை மாற்றி அனுப்பினேன். அவர்கள் மாற்றச் சொன்னது எல்லாம் நான் எழுதிய பகுதியில்தான். உன் பகுதியில் ஒரு வரியைக்கூட யாரும் தொடவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது.

ஏற்றுக்கொண்ட செய்தி வந்த அன்று வீட்டுக்குப் போய் அத்தையிடம் போனைக் காட்டி, இதோ செண்பா பெயர் என்று சொன்னேன். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். அவர் விரல் பட்டுத் திரை எங்கோ ஓடிவிட்டது, திரும்பக் கொண்டுவந்து காட்டினேன். இது அழியாமல் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். சேவியர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான். பிறகு வந்து அந்தப் பக்கத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னான். இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறான், கிளியனூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற சிநேகிதனிடம்கூட. அவருக்கு என்ன புரிந்ததோ, எனக்கே போன் போட்டு வாழ்த்துச் சொன்னார்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். போன வாரம் உன் முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. யாரோ தூர தேசத்துக்காரர். அன்புள்ள செண்பகவல்லி என்று ஆரம்பித்திருந்தார். உன் திருத்தத்துக்குப் பிறகுதான் தங்கள் எண்கள் நேரானதாக நன்றி சொல்லியிருந்தார். கூடவே ஒரு குறையும். வரிசையை விட்டு வேறு இடத்துக்குத் தாவுகிற கட்டளைகளை எண்ணத் தனியாக ஒரு கவுன்ட்டர் இருக்கிறதல்லவா, ஹைப்பர்வைசர் கெஸ்ட்டுக்காகத் தாவலைச் செய்கிறபோது அதிலும் ஒன்று கூட வேண்டும். அது விட்டுப்போயிருக்கிறது, நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா என்று உன்னைக் கேட்டிருந்தார்.

உன்னைக் கேட்டிருந்தார், செண்பா. உலகத்தில் ஒரு மூலையில் ஒருவருக்கு நீ உயிரோடு இருக்கிறாய். அந்த மெயிலை மூடவும் மனசு வரவில்லை, பதில் எழுதவும் கை வரவில்லை. உன் பெயரிலேயே, பார்க்கிறேன் என்று இரண்டு வார்த்தை எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. யாருக்குத் தெரியப் போகிறது? நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போயேன்.

ஆனால் நீ அப்படி விடுகிற ஆளா? எழுதினேன். செண்பகவல்லி இறந்துவிட்டார் என்று முதல் வரி. ஆபீசுக்குக் கொடுத்த லீவு லெட்டரில்கூட வீட்டில் துக்கம் என்றுதான் எழுதியிருந்தேன். உன் பெயரையும் அந்தச் சொல்லையும் ஒரே வரியில் அதுவரைக்கும் நான் எங்கேயும் எழுதியதில்லை. எழுதிவிட்டு ரெஸ்ட் ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்து, இரண்டாவது வரியை எழுதினேன். குறை இருப்பது உண்மைதான், நான் பார்க்கிறேன் என்று.

பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். பாதி முடிந்துவிட்டது. இதையும் உன் பெயரிலேயே போட்டுவிடலாமா என்று தினகர் சார் கேட்டார், இந்தத் தடவை அவராகவே. வேண்டாம் என்றுவிட்டேன். இது நீ ஆரம்பித்ததும் இல்லை, என்னிடம் விட்டுப்போனதும் இல்லை. இது என் முறை. தவறு வந்தால் திட்டும் எனக்கே வரட்டும். உன் பெயர் ஏறிய அதே கோப்பில், உனக்கு அடுத்து என் பெயர் ஏறப் போகிறது.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு ஒன்றுதான், செண்பா. நீ செய்ததில் ஒன்றுகூடக் குறைய விட மாட்டேன். நான் செய்ததில் ஒரு துளிகூட உன் கணக்கில் கலக்கவும் விட மாட்டேன்.

உன்னைக் குறை சொல்லியே உன் மேல் உயிரை வைத்த,
உன் ஓரகத்தி
லூர்து மேரி